புவிச்சரிதவியலாளர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877 – 1947)

வாசிப்புப் பகுதி: புவியும் பாறைகளும்

1. அறிமுகம்

ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டவுடன் மாணவர்களாகிய உங்கள் நினைவுக்கு வருவது பெரும்பாலும் சித்திரப் பாடமும் நடராசர் வடிவமுமே. கலாயோகி என்று நாம் அவரை அழைப்பதும் அதனாலேயே. ஆனால் அவர் பல்கலைக்கழகத்தில் கற்றது கலை அன்று. அவர் முதன்முதலில் வகித்த அரச பதவியும் கலைத்துறையைச் சேர்ந்தது அன்று. பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஆராயும் புவிச்சரிதவியலே அவருடைய முதற்றுறை. இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதலாவது பணிப்பாளராக இருந்தவர் அவரே.

கல்லை ஆராய வந்த ஒருவர் எவ்வாறு கலையை ஆராய்பவரானார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பகுதியின் நோக்கமாகும். அத்துடன் பாறை வகைகள், கனிப்பொருளின் இயல்புகள், புவியின் வயது என்னும் அடிப்படைப் பாடங்களையும் அவருடைய வாழ்க்கையினூடாக மீட்டுக்கொள்வோம்.

2. பிறப்பும் குடும்பமும்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் இங்கிலாந்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி. பாட்டனாரான முதலியார் குமாரசுவாமி வடமராட்சியிலுள்ள கெருடாவிலைப் பூர்வீகமாகக் கொண்டவர்; இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழருக்காக அமர்ந்தவர். தந்தையாரும் அச்சபையில் உறுப்பினராக இருந்தார். இங்கிலாந்திற் சட்டம் பயின்று பரிஸ்டரான அவர் 1874 இல் சேர் பட்டம் பெற்றார்.

சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியின் தமக்கையாரின் பிள்ளைகள். எனவே அவ்விருவருக்கும் ஆனந்தர் அம்மானின் மகன், அதாவது மைத்துனர் முறையானவர்.

1879 இல், இரண்டு வயது நிரம்புமுன்பே, குழந்தையைத் தாயார் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் அவர்களுடன் சேர்வதற்குப் புறப்பட இருந்த வேளையில், அவ்வாண்டு மே மாதத்தில், தந்தையார் கொழும்பிற் காலமானார். இதனால் ஆனந்தர் தமது இளமைக்காலம் முழுவதையும் இங்கிலாந்திலேயே கழிக்க நேர்ந்தது. தந்தையின் நாட்டையும் மொழியையும் அவர் அறியாமலே வளர்ந்தார் என்பதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

3. கல்வி

இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலுள்ள விக்கிளிவ் கல்லூரியில் அவர் பாடசாலைக் கல்வி பெற்றார். சுண்ணக்கற் குன்றுகளும் உயிர்ச்சுவடுகளும் நிறைந்த பகுதி அது. பாடசாலையின் அருகிலிருந்த குன்றின் பாறைகளை ஆராய்ந்து, மாணவப் பருவத்திலேயே பாடசாலைச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய முதலாவது ஆய்வுக் களம் வீட்டுக்கும் பாடசாலைக்கும் அண்மையில் இருந்த ஒரு குன்றே என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்து புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்று, 1900 இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். அதே ஆண்டில் இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

கவனிக்க: காரீயம் என்ற பெயரில் ஈயம் இருந்தாலும் காரீயத்தில் ஈயம் இல்லை. அது தூய காபனின் ஒரு வடிவம். இலங்கையின் காரீயம் பாறை வெடிப்புகளினூடாக நாளம் போலப் படிந்து கிடக்கின்றது. போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. பென்சிலின் நடுவில் இருப்பதும் காரீயமும் களியும் சேர்ந்த கலவையே.

4. பாறை வகைகளும் குமாரசுவாமியின் ஆய்வும்

பாறைகள் அவை தோன்றிய முறையைக் கொண்டு மூன்றாக வகுக்கப்படும்.

(அ) தீப்பாறை: உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகுவதாற் தோன்றுவது. உதாரணம்: கருங்கல் வகையைச் சேர்ந்த கிரனைற்று.

(ஆ) அடையற்பாறை: மணல், களி, சிப்பி, ஓடு முதலியன படைபடையாகப் படிந்து இறுகுவதாற் தோன்றுவது. உதாரணம்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்.

(இ) உருமாறிய பாறை: முன்னர் இருந்த பாறை புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு மாற்றமடைவதாற் தோன்றுவது. உதாரணம்: நைஸ், சலவைக்கல்.

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறைகளால் ஆனது. அவற்றுட் பெரும்பாலானவை உருமாறிய பாறைகள். வடமேற்குக் கரையோரமும் யாழ்ப்பாணக் குடாநாடும் இதற்கு விலக்கு. நமது குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்திற்குரியது. அதாவது சுமார் 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலிற் படிந்தது. மத்திய மலைநாட்டின் பாறைகள் உருமாற்றம் அடைந்ததோ சுமார் 55 கோடி தொடக்கம் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பாகும். ஆகவே கெருடாவிலில் ஒரு கிணறு வெட்டும்போது வரும் கல்லுக்கும் கண்டியில் ஒரு வீதி வெட்டும்போது வரும் கல்லுக்கும் இடையே ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது வேறுபாடு உண்டு.

குமாரசுவாமி 1902 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றியது. கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் காணப்படும் இக்கல்லையே நாம் சலவைக்கல் என்கின்றோம். யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லும் மாத்தளைச் சலவைக்கல்லும் இரசாயன முறையில் நெருங்கியவை. இரண்டிலும் காபனேற்றே பிரதானமானது. ஆனால் ஒன்றிற் சிப்பிகளின் அச்சைக் காணலாம். மற்றையதிற் காண முடியாது. வெப்பமும் அமுக்கமும் பழைய அடையாளங்களை அழித்துப் புதிய பளிங்குகளை உருவாக்கிவிட்டன. எனினும் யாழ்ப்பாணக் கல் உருமாறித்தான் மாத்தளைக் கல் ஆனது என்று எழுதிவிடக் கூடாது. மாத்தளைக் கல் அதைவிட மிக மிகப் பழையது.

இதே காலத்தில் இலண்டனில் பிரையர் என்ற கனிப்பொருளியலாளருடன் சேர்ந்து, கண்டிக்கு அண்மையில் அம்பகோட்டை என்ற இடத்தின் அயலில் இருந்து கிடைத்த நீல நிறக் கனிப்பொருள் ஒன்றை ஆராய்ந்தார். அது முன்னர் அறியப்படாத கனிப்பொருள் என்பது உறுதியாயிற்று. இலங்கையின் பழைய அராபியப் பெயரான செரண்டிப் என்பதைக் கொண்டு அதற்குச் செரண்டிபைற்று என்று பெயரிட்டனர். அதைப் பற்றிய கட்டுரை 1903 இல் வெளியாயிற்று.

5. கனிப்பொருள் அளவையின் பணிப்பாளர்

1902 இல் எதெல் மேரி பாற்றிட்ஜ் என்பவரை மணந்த குமாரசுவாமி, 1903 இல் மனைவியுடன் இலங்கைக்கு வந்தார். அவ்வாண்டில் தொடங்கப்பட்ட இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு அவரே பணிப்பாளர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இவ்வளவையைப் பிரித்தானிய அரசு ஏன் தொடங்கியது? நாட்டிலே விலைபோகக்கூடிய கனிப்பொருள் எங்கே, எவ்வளவு உண்டு என்பதை அறிவதே அதன் எதிர்பார்ப்பு. குமாரசுவாமியும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் பாசன்சும் மலைநாட்டிலும் சப்பிரகமுவாவிலும் ஊர் ஊராகச் சென்று பாறைகளைப் பார்த்து, மாதிரிகளைச் சேர்த்து, அறிக்கைகள் எழுதினர்.

களத்தில் ஒரு புவிச்சரிதவியலாளர் செய்யும் வேலையைப் பின்வருமாறு படிமுறைப்படுத்தலாம்.

• கல் கிடந்த இடத்தைக் குறித்தல். இடம் தெரியாத கல் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படாது.
• நிறம், மினுக்கம், வன்மை, பாரம், பளிங்கின் வடிவம் என்பவற்றைப் பார்த்தல்.
• அயலிலுள்ள பாறைகளுடன் அதற்குள்ள தொடர்பைப் பார்த்தல். மேலே உள்ளது எது? கீழே உள்ளது எது? எது எதை ஊடறுத்துச் செல்கின்றது?
• கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தல்.
• இறுதியாக, இரசாயனப் பகுப்புக்கு உட்படுத்தல்.

இலங்கைப் பாறைகளை அவர் இந்தியப் பாறைகளுடன் ஒப்பிட்டும் நோக்கினார். சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலையின் கருநிறப் பாறைக்குச் சார்ணோக்கைற்று என்று பெயர். கல்கத்தாவில் யோப் சார்ணொக் என்பவரின் கல்லறையில் இப்பாறை பயன்படுத்தப்பட்டிருந்ததால் தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் இப்பெயரை இட்டார். இதே வகைப் பாறை இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் பரந்து காணப்படுகின்றது. கடலாற் பிரிக்கப்பட்ட இரு நிலங்களில் ஒரே வகைப் பாறை ஏன் இருக்கின்றது என்பதற்கு அக்காலத்தில் முழுமையான விளக்கம் இருக்கவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்ற வெகெனரின் நூல் 1915 இலேயே வெளிவந்தது. இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியன கொண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் அயற்பகுதிகளாக இருந்தவை என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது.

6. கறுப்புக் கனசதுரக் கல்

1904 ஆம் ஆண்டு குமாரசுவாமியின் வாழ்க்கையில் முக்கியமானது. பலாங்கொடைப் பகுதியில் இரத்தினக்கல் அகழும் சரளைப் படையிலிருந்து கறுப்பு நிறமான சிறு கனசதுரங்கள் கிடைத்தன. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம். நீரின் அடர்த்தியைவிட இவற்றின் அடர்த்தி ஒன்பது மடங்குக்கும் மேல். சாதாரண மணலின் அடர்த்தி இரண்டரை மடங்கு அளவே.

கறுப்பு நிறம், கனசதுர வடிவம், மிகுந்த பாரம் ஆகிய இயல்புகளைக் கொண்டு இது யுரேனியத்தின் கனிப்பொருளான யுரனினைற்றாக இருக்கலாம் என்று குமாரசுவாமி முதலிற் கருதினார். கண்ணால் காணக்கூடிய இயல்புகளைக் கொண்டு பார்த்தால் அது நியாயமான முடிவே. ஆயினும் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. மாதிரிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கு டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் பகுத்துப் பார்த்தபோது, அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பங்கு தோரியம் ஒட்சைட்டு என்று தெரியவந்தது. யுரேனியம் குறைவாகவே இருந்தது. எனவே அது புதிய கனிப்பொருள். அதற்குத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது.

மாணவர்களே, பரீட்சையில் இதை எழுதும்போது தெளிவாக எழுதுங்கள். இலங்கையிலிருந்து இதனை அறிவியலுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் குமாரசுவாமி. பகுப்பின் மூலம் புதிய கனிப்பொருள் என்று நிறுவிப் பெயரிட்டவர் டன்ஸ்டன். கண்ணாற் பார்ப்பது ஆய்வின் தொடக்கம். பகுப்பு அதன் உறுதிப்பாடு. இரண்டும் வேண்டும் என்பதற்குத் தோரியனைற்று நல்ல உதாரணமாகும்.

இக்கல் ஏன் ஆற்றுச் சரளையிற் கிடைத்தது? மலைப்பாறை மழை, வெயில், தாவர வேர் ஆகியவற்றால் வானிலையாலழிதலுக்கு உட்படுகின்றது. மென்மையான கனிப்பொருள்கள் களியாகி அடித்துச் செல்லப்படுகின்றன. கடினமானவையும் பாரமானவையும் எஞ்சி, ஆற்றுப் படுக்கையில் ஓரிடத்தில் திரள்கின்றன. நீலம், மாணிக்கம், புட்பராகம் ஆகிய இரத்தினக்கற்கள் இரத்தினபுரிச் சரளையிற் கிடைப்பதும் இதனாலேயே.

தோரியத்துக்கு அக்காலத்தில் பெரும் கேள்வி இருந்தது. உங்கள் பெற்றோரிடமோ பேரன் பேத்தியரிடமோ பெற்றோமக்ஸ் விளக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1990 களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் திருமண வீடுகளிலும் கோயில்களிலும் ஒளி தந்தது அதுவே. அவ்விளக்கினுள் கட்டப்படும் மென்ரில் எனும் சிறு வலைப்பை தோரியச் சேர்வையில் ஊறவைக்கப்பட்டதாகும். எரிந்தபின் எஞ்சும் தோரியம் ஒட்சைட்டு வெப்பத்தில் வெண்ணிறமாக ஒளிரும்.

7. கல்லுக்குள் ஒரு கடிகாரம்

தோரியனைற்றின் பெருமை விளக்கோடு முடியவில்லை. அது கதிர்த்தொழிற்பாடு உடையது. 1905 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், சேர் வில்லியம் றாம்சேயின் ஆய்வுகூடத்தில், ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மனிய ஆய்வாளர் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய்ந்து றேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டறிந்தார். குமாரசுவாமி கற்ற அதே கல்லூரியில், குமாரசுவாமி பணியாற்றிய நாட்டின் கல்லில் இது நிகழ்ந்தது. ஹான் பிற்காலத்தில் அணுக்கருப் பிளவு ஆய்வுக்காக 1944 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

தோரியமும் யுரேனியமும் சீரான வீதத்தில் தேய்ந்து இறுதியில் ஈயமாகின்றன. இடையில் ஈலியம் வாயு வெளிவந்து கல்லுக்குள் அடைபடுகின்றது. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 1400 கோடி ஆண்டுகள். யுரேனியம் 238 இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். கல்லில் எவ்வளவு ஈலியம் அல்லது ஈயம் சேர்ந்துள்ளது, அது எந்த வீதத்திற் சேர்கின்றது என்ற இரண்டையும் அறிந்தால் அக்கல்லின் வயதைக் கணிக்கலாம்.

1910 இல் ஸ்ட்ரட் என்ற ஆங்கிலப் பௌதிகவியலாளர் தோரியனைற்றில் ஈலியம் உண்டாகும் வீதத்தை அளந்து, அக்கல்லின் குறைந்தபட்ச வயதை மதிப்பிட்டார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கெல்வின் பிரபு முழுப் புவிக்குமே 2 கோடி தொடக்கம் 4 கோடி வரையான ஆண்டுகள்தான் வயது என்று கூறியிருந்தார். ஒரு கைப்பிடிக் கல்லின் வயதே அதைவிடப் பல மடங்காக இருந்தது. புவியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய முடிவு. அம்முடிவை நோக்கிய ஆரம்பப் படிகளுள் ஒன்று சப்பிரகமுவாச் சரளையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறியும்போது நமக்கும் பெருமை உண்டாகின்றது.

இலங்கையின் கனிப்பொருளியல் பற்றிய ஆய்வுகளுக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

8. கல்லிலிருந்து கைவினைக்கு

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

கனிப்பொருளைத் தேடிச் செல்பவர் அதைப் பயன்படுத்தும் மக்களையும் சந்திக்க நேரிடும். குமாரசுவாமி சென்ற ஊர்களில் இரும்புத் தாதை உருக்குவோர், பித்தளை வார்ப்போர், மட்பாண்டம் வனைவோர், நெய்வோர், சித்திரம் தீட்டுவோர் ஆகியோர் வாழ்ந்தனர். எந்தக் கல்லை எங்கே எடுப்பது, எந்த மண்ணை எதனுடன் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூல் கல்லாத புவிச்சரிதவியலாளர் என்றே அவர்களைச் சொல்லலாம்.

பலாங்கொடைப் பகுதியின் ஹத்தரபாகே என்ற ஊரில் பழைய முறையில் இரும்பு உருக்குவதையும், அலுத்நுவரவில் உருக்கு ஆக்குவதையும் அவர் நேரிற் பார்த்து விரிவாகப் பதிவு செய்தார். அதற்குள் இங்கிலாந்திலிருந்து வந்த மலிவான இரும்பு உள்ளூர் உலைகளை அணைத்துவிட்டிருந்தது. அவர் பதிந்திராவிட்டால் அவ்வறிவின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். 1990 களில் கில் ஜுலெப் என்ற தொல்லியலாளர் அதே பிரதேசத்தின் சமனலவாவியில், தென்மேற்குப் பருவக்காற்றினால் இயங்கிய பண்டைய இரும்பு உலைகளைக் கண்டறிந்தார். அவ்வாய்வுக்குக் குமாரசுவாமியின் பதிவுகளும் துணையாயின.

கனிப்பொருளின் இருப்பைக் கணக்கிடும்படி அரசு அவரைப் பணித்தது. அவரோ கனிப்பொருளைக் கையாளும் அறிவு அழிந்து வருவதைக் கண்டார். நிலத்துக்கு அடியிலுள்ள செல்வம் அங்கேயே இருக்கும். மனிதரின் கையிலுள்ள அறிவு ஒரு தலைமுறை விட்டுப்போனால் மீளாது. இந்த எண்ணமே அவரைத் திசைதிருப்பியது எனலாம்.

1905 இல் கண்டியத் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைப் பேணும்படி வேண்டினார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1906 இல் அதன் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலப் பாடசாலைகளில் சிங்களமும் தமிழும் புறக்கணிக்கப்பட்ட அக்காலத்தில், பிள்ளைகள் தத்தம் தாய்மொழியையும் நாட்டின் வரலாற்றையும் கற்க வேண்டும் என்று அவர் வாதாடினார். தாய்மொழி அறியாமல் வளர்ந்த ஒருவரின் வாதம் இது. புவியின் பாடத்தை இன்று நீங்கள் தமிழிலே படிக்கும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதிலுள்ள ஒளிப்படங்கள் பலவற்றை எடுத்தவர் எதெல். அந்நூலைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கற்களை விபரித்த அதே முறையிலேயே அவர் கலைப்பொருள்களையும் விபரித்துள்ளார். பொருள் எது, எங்கே கிடைத்தது, எப்படி ஆக்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்று ஒழுங்காக எழுதுகின்றார். துறை மாறியது, பார்க்கும் முறை மாறவில்லை.

9. பிற்கால வாழ்க்கை

1906 இற் பணிப்பாளர் பதவியை விட்ட குமாரசுவாமி பின்னர் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கலை ஆய்வில் ஈடுபட்டார். நடராசர் வடிவத்தின் உட்பொருளை விளக்கும் அவருடைய கட்டுரை 1912 இல் சென்னைச் சஞ்சிகையான சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. அக்கட்டுரையும் வேறு கட்டுரைகளும் சேர்ந்து 1918 இல் சிவ நடனம் என்ற நூலாயின. 1917 இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு பற்றிய நூலை 1927 இல் வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் அந்நூதனசாலையுடன் இணைந்திருந்து, 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்திற் காலமானார்.

அவர் தொடக்கி வைத்த அளவைப் பணி இன்று புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தாற் கொண்டு நடத்தப்படுகின்றது. கொழும்பில் ஒரு வீதிக்கு அவருடைய பெயரால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயரிடப்பட்டது.

10. நமது காலடியில் உள்ள கல்

குமாரசுவாமி ஆராய்ந்த காரீயமும் சலவைக்கல்லும் தோரியனைற்றும் குடாநாட்டில் இல்லை. ஆனால் சுண்ணக்கல் உண்டு. அதுவே நமது வாழ்வின் அடித்தளம். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, நிலத்தடியில் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆகையால் அது உவர்நீரின் மேல் மிதக்கின்றது. ஆறுகள் இல்லாத குடாநாட்டில் வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் இந்நீரையே நம்பியுள்ளன. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலேறும். கல்லை அகழ்ந்தெடுத்துப் பெருங்குழிகளை விட்டால் நீர் தங்கும் இடமே குறையும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் சுண்ணக்கல்லில் நீர் கரைத்து உண்டாக்கிய வழிகளின் வெளித்தோற்றங்களே. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததும் இக்கல்லை நம்பியே. அது 1990 இல் உற்பத்தியை நிறுத்தியது.

செயற்பாடு: உடைந்த பழைய மதிலிலிருந்து ஒரு சிறு சுண்ணக்கல் துண்டையும், கைவிடப்பட்ட அம்மி அல்லது ஆட்டுக்கல்லின் துண்டையும் எடுங்கள். இரண்டையும் சிறிது தூளாக்கி, வினாகிரி சில துளிகளை இடுங்கள். சுண்ணக்கல் தூள் நுரைக்கும், வெளிவருவது காபனீரொட்சைட்டு. அம்மிக்கல் தூள் நுரைக்காது. பின்னர் இரண்டின் நிறம், மினுக்கம், வன்மை, பெறப்பட்ட இடம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துங்கள். சுண்ணக்கல்லில் சிப்பியின் அச்சு உண்டா எனவும் பாருங்கள்.

11. நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1877 – கொழும்பிற் பிறப்பு
1879 – இங்கிலாந்து செல்லல், தந்தையார் மறைவு
1900 – பட்டம். இலங்கைப் பாறைகளும் காரீயமும் பற்றிய கட்டுரை
1903 – செரண்டிபைற்றுக் கட்டுரை. கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராதல்
1904 – தோரியனைற்று
1906 – விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம், பதவி விலகல்
1908 – மத்தியகாலச் சிங்களக் கலை
1917 – பொஸ்ரன் நூதனசாலை
1947 – மறைவு

12. பயிற்சி வினாக்கள்

1. பாறைகளின் மூவகைகளையும் இலங்கை உதாரணங்களுடன் தருக.
2. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லுக்கும் மாத்தளைச் சலவைக்கல்லுக்கும் இடையேயுள்ள ஓர் ஒற்றுமையையும் இரு வேற்றுமைகளையும் எழுதுக.
3. இரத்தினக்கற்கள் ஆற்றுச் சரளையிற் திரள்வதற்கான காரணத்தை விளக்குக.
4. தோரியனைற்றை யுரனினைற்றென முதலிற் கருதியதற்கான காரணங்கள் எவை? பிழை எவ்வாறு திருத்தப்பட்டது?
5. கதிர்த்தொழிற்பாட்டைக் கொண்டு பாறையின் வயது கணிக்கப்படும் முறையைச் சுருக்கமாக விளக்குக.
6. கல்லை ஆராய்ந்த குமாரசுவாமி கலையை ஆராயத் தலைப்பட்டமைக்கான காரணத்தை உமது சொந்த நடையில் 100 சொற்களில் எழுதுக.

விடைக் குறிப்பு (வினா 6): கள ஆய்வு, கைவினைஞருடனான சந்திப்பு, இரும்பு உருக்கும் முறையின் அழிவு, பதிவு செய்ய வேண்டிய தேவை ஆகிய நான்கு குறிப்புகளும் விடையில் இடம்பெற வேண்டும். ஆண்டுகளை மட்டும் அடுக்கி எழுதினால் முழுப் புள்ளிகள் கிடையா.